நல்ல நம்பரை நம்பாத மருமகள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் மயக்க மருந்து டாக்டர். முதுகைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது தண்டுவடத்துக்குப் போதுமான ரத்தம் ஓடுகிறதா என்று அளந்து சொல்வது அவள் வேலை. மெல்லிய கண்ணாடி இழை ஒன்றின் நுனியைத் தண்டுவடத்தின் மேல் வைப்பார்கள். அதிலிருந்து போகும் ஒளி, ஓடுகிற ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும். திரும்பி வந்த ஒளியைப் பார்த்து இயந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். லிட்டர், கிராம் என்று அந்த எண்ணுக்கு ஒரு கணக்கும் கிடையாது. முன்னே இவ்வளவு இருந்தது, இப்போது இவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதிலும் ஆயிரம் நொட்டை. நுனி தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால், அளக்கப் போன ஓட்டத்தை நாமே நிறுத்தியதாகிவிடும். பெரிய ரத்தக் குழாய் மேல் வைத்தாலோ எண் எகிறும். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் தண்டுவடம் பட்டினி கிடப்பது அதில் தெரியாது.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர், 'நெத்தியடி'. அது மாமியார் வைத்தது. மாமியார் தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிதி மெஷின், சுற்றிலும் பாதி தைத்த துணிகள். கல்யாணமான புதிதில் மருமகளுக்கு ஆசை ஆசையாக ஒரு சட்டை தைத்துக் கொடுத்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"அக்குள்ல இழுக்குது அத்தை."

மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பிரித்துத் தைத்தாள், இழுப்பு போய்விட்டது. அதற்கப்புறம் எந்தத் துணியும் மருமகள் கண்ணில் படாமல் வாசல் தாண்டியதில்லை. அவள் குற்றம் சொல்வாள், இவள் திட்டிக்கொண்டே பிரிப்பாள். வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மிதி ஒருநாள் தடுமாற ஆரம்பித்தது. மாமியாருக்குக் கால் மரத்துப்போனது, நடை தள்ளாடியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தண்டுவடத்தை ஒட்டி ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு நசுக்குகிறது. எடுத்தால் கால் தேறலாம். எடுக்கும்போது ரத்த ஓட்டம் கெட்டால் இரண்டு காலும் போய்விடும்.

"சொந்தக்காரங்களுக்கு நீங்க உட்கார வேண்டாம்மா. வேற ஆளை வரவழைக்கிறேன்" என்றார் சர்ஜன்.

கட்டிலில் இருந்தபடியே மாமியார் மறித்தாள். "வேற ஆளெல்லாம் வேண்டாம் டாக்டர். என் பையன் மாதிரி ஆளுங்க எதைப் பார்த்தாலும் நல்லாயிருக்குன்னு சொல்லிடுவாங்க. இவ வாயில அது வரவே வராது. இவளே பார்க்கட்டும்."

ஆபரேஷன் அன்று, கட்டியை எடுப்பதற்கு முன், ரத்தக் குழாய் எதுவும் இல்லாத வெறும் இடமாக மருமகள் கேமராத் திரையில் பார்த்து, "அங்க வைங்க சார்" என்றாள். எண் முப்பது. குறைவுதான். கட்டி பத்திரமாக வெளியே வந்தது. இப்போது நுனியை அதே இடத்தில் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே இடம் என்பது இந்த வேலையில் மாறாத வழக்கம். வைத்தார்கள். எண் விறுவிறுவென்று ஏறி நூற்றிருபதில் நின்றது.

"அடி சக்கை. மீட்டர், உங்க மாமியார் வீட்டுக்கு ஓடியே போவாங்க போலிருக்கே" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

சர்ஜன் தையல் ஊசிக்குக் கை நீட்டினார். அவளுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. 'நல்லாயிருக்கு சார்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த வேகம்தான் அவளுக்கு உதைத்தது. நசுங்கிக் கிடந்த தண்டுவடம் இத்தனை சீக்கிரம் தேறி அவள் பார்த்ததில்லை. திரையை உற்றுப் பார்த்தாள். நுனிக்கு அடியில் நீலமாக ஒரு கோடு. கட்டி அமுக்கியதில் தட்டையாகிக் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த சிரை, கட்டி போனதும் ரத்தம் நிரம்பி உப்பியிருக்கிறது. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவளுக்கு அந்த நூற்றிருபது அவ்வளவு வேண்டியிருந்தது.

"சார், இந்த நம்பரை நம்பாதீங்க. நான் காட்டின இடம் தப்பு, சிரை மேல நிக்குது. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைங்க."

"நல்ல நம்பரோட சண்டை போடற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிக்கொண்டே சர்ஜன் நுனியை நகர்த்தினார். எண் இருபத்தெட்டு.

அதற்கப்புறம் யாரும் கேலி பேசவில்லை. மயக்க மருந்து டாக்டர் ரத்த அழுத்தத்தை ஏற்றினார். சர்ஜன் ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே தேடினார். தண்டுவடத்தின் முன்பக்கம் கட்டியின் துண்டு ஒன்று பதுங்கியிருந்தது. அதை எடுத்த பிறகு எண் அடம் பிடித்து அடம் பிடித்து ஐம்பதுக்கு வந்தது.

"போதுமா?"

"முன்னைக்கு இப்ப தேவலை சார். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

மறுநாள் காலை மாமியாரின் பாதத்தில் உள்ளங்கையை வைத்து, "மிதிங்க அத்தை" என்றாள். வலது கால் மெஷினை மிதிப்பது போலவே மிதித்தது. இடது கால் லேசாகத் தொட்டதோடு சரி.

"நல்லாயிருக்கா?"

"வலது நல்லாயிருக்கு. இடது பத்தாது. வரும், நாளாகும்."

"மூஞ்சிக்கு நேரா சொல்றா பாரு" என்று நர்ஸிடம் முறையிட்டாள் மாமியார். முறையிட்டுக்கொண்டே இடது காலால் இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தாள்.

மழைக்காலம் முடிந்தபோது மெஷின் முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். வலது கால் மிதிக்க, இடது கால் துணைக்கு இருந்தது. முதலில் தைத்தது மருமகளுக்கு ஒரு சட்டை. போட்டுக்கொண்டு வந்து நின்றவளிடம், "எப்படி இருக்கு?" என்றாள்.

"இடது தோள் ஏறியிருக்கு அத்தை."

"ஒரு தடவையாவது என் மனசு குளிர நல்லாயிருக்குன்னு ஒரு பொய் சொன்னா என்னடி குறைஞ்சு போயிடுவ?"

"ஒரு தடவை சொல்லப் பார்த்தேன்."

"எப்போ?"

"நீங்க அங்க குப்புறப் படுத்திருந்தப்போ. கட்டியோட துண்டு இன்னும் உள்ள இருந்துச்சு. நல்லாயிருக்குன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு அத்தை."

மாமியார் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள்.

"சட்டையைக் கழட்டிக் குடு. தோளைப் பிரிக்கணும்."