சந்தனம் வெச்ச துப்பாக்கி

என் தம்பி நடேசன் தாலி கட்டினது பத்மாவுக்கு. வாக்கப்பட்டது ஒரு துப்பாக்கிக்கு. இத்த நானா சொல்லல, பத்மாவே சொல்லுவா. "அண்ணி, அந்த இரும்ப பாக்கற மாதிரி உங்க தம்பி என் மூஞ்சிய ஒரு நாளாச்சும் பாத்துகீறாரா, கேளுங்கோ"ம்பா. நான் இன்னாத்த கேக்கறது? பாக்கல, அத்தான் நெசம்.

எங்க ஊடு மண்ணூர்பேட்டையில. ஒரே காம்பவுண்டுல முன்னாடி போர்ஷன்ல அவங்க, பின்னாடி ரூம்ல நானு. என் புருசன் குடிச்சே போய் சேந்தான். அப்பால அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில பெருக்கற வேலைக்கு போனேன். நடேசன் அங்க ஏற்கெனவே ஃபிட்டர். காண்ட்ராக்ட்டு ஆளுதான். பர்மனென்ட்டு பண்றோம் பண்றோம்னு சொல்லியே அவன் தலைய நரைக்க வெச்சிட்டாங்கோ.

கம்பெனியில மொதல்ல லாரிக்கு சாமான் பண்ணிகினு இருந்தாங்கோ. எங்கியோ வடக்க கீற மொதலாளிக்கு திடீர்னு ஒரு ஆச. பட்டாளத்துக்கு துப்பாக்கி பண்ணி குடுக்கணுமாம். அதுவும் சாதா துப்பாக்கி இல்ல. தொலைவுல ஒளிஞ்சிகினு, கண்ணாடியில குறி பாத்து ஒருத்தன சாய்க்கறாங்களே, அந்த ஸ்னைப்பர் துப்பாக்கி. அதுக்கு மேனேஜரா கிருபாகரன்னு ஒரு ஆளு வந்தாரு. நெத்தியில குங்குமம், வாயில சக்கர. கம்ப்யூட்டர்ல படம் போட மைதிலின்னு ஒரு இஞ்சினீர் பொண்ணு. படத்துல கீறத இரும்புல கொண்டாற என் தம்பி.

எனுக்கு எழுத்து தெரியாது. ஆனா அந்த ரூம நான்தான் தெனம் பெருக்குவேன், காது நல்லா கேக்கும். பழைய துப்பாக்கியில ஒரு வாட்டி சுட்டா, கைய எடுத்து ஒரு கம்பிய பின்னால இஸ்து முன்னால தள்ளணும். அப்பதான் அடுத்த தோட்டா ஏறும். அதுக்குள்ள கண்ணு கண்ணாடிய உட்டு நவுந்துடும், எதிர்ல கீறவன் ஓடிடுவான். இவங்க பண்றது அந்த மாதிரி இல்ல. குழாயில குட்டியா ஒரு ஓட்ட. வெடிச்ச புகையில கொஞ்சம் அது வழியா திரும்பி வந்து ஒரு பிஸ்டன தள்ளும். அது தள்ளற தள்ளுல காலி தோட்டா வெளிய போய் உழும், அடுத்தது தானா ஏறிக்கும். சுடறவன் வெரல மட்டும் அமுக்கினா போதும். செமி ஆட்டோமேட்டிக்கும்பாங்கோ.

"ஒருத்தன சாவடிக்க இம்மாம் சவுரியமாடா?"ன்னு கேட்டேன்.

"யக்கா, நீ பெருக்கு"ன்னான்.

அந்த ஓட்டதான் அவங்க உயிர வாங்கிச்சு. ஓட்ட சின்னதா இருந்தா புகைக்கு தெம்பு பத்தல, காலி தோட்டா பாதியில மாட்டிக்கும். பெருசா போட்டா ஒதைக்கற ஒதையில உள்ள கீற கொக்கி ஒடஞ்சிடும். மைதிலி மாத்தி மாத்தி படம் போடுவா, இவன் மாத்தி மாத்தி தொளைப்பான். குழாய சுத்தி கைப்புடி மாதிரி ஒரு ஒற போடுவாங்கோ. அந்த ஒற குழாய தொடவே கூடாதாம், தொட்டா குறி தப்புமாம். நடேசன் ஒரு காகிதத்த நடுவுல உட்டு, இந்த கோடியிலேந்து அந்த கோடி வரிக்கும் இஸ்து பாப்பான். எங்கியாச்சும் காகிதம் தடுக்கிச்சோ, அன்னிக்கு ஊட்ல சோறு எறங்காது.

ஒரு நாளு என்னிய கூப்ட்டு, நான் அப்பதான் பெருக்கின தரையில குப்புற படுக்க சொன்னான். கன்னம் வெக்கற கட்ட எம்மாம் ஒசரம் இருக்கணும்னு பாக்கணுமாம்.

"ஏன்டா, பட்டாளத்துல எல்லாரும் என்ன மாதிரியா கன்னம் வெச்சிகினு கீறான்?"

"ஒல்லி மூஞ்சிக்கு மைதிலி மேடம் படுத்து பாத்துட்டாங்க. குண்டு மூஞ்சிக்கு ஆளு இல்லக்கா."

மைதிலி சிரிச்சிகினே என் தலைய புடிச்சி சாய்ச்சி வெச்சா. "பஞ்சவர்ணம்மா, கண்ணாடியில இன்னா தெரியுது சொல்லுங்க."

"உங்க மேனேஜரு ரூமுல முறுக்கு தின்னுகினு கீறாரு. மொத ஆளா அவரையே போட்டுடவா?"

மூணு பேரும் சிரிச்சோம். அந்த கட்ட ஏறி எறங்கற மாதிரி ஒரு திருகு வெச்சதே அப்பால தான்.

கிருபாகரன் ஆசையும் காட்டி வெச்சிருந்தாரு. "பட்டாளம் இத்த எடுத்துக்கினா நீதான் நடேசா இதுக்கு. பர்மனென்ட்டும் நீ, துப்பாக்கி கூட போறவனும் நீ. மணல்ல சுட்டாலும் பனியில சுட்டாலும் பக்கத்துல நீ நிக்கற." இத்த நம்பி பத்மா, பாடி மேம்பாலத்தாண்ட பிளாட்பாரத்துல ஒரு ஸ்வெட்டர் வாங்கியாந்தா. அம்பத்தூர் வெயில்ல அத்த போட்டு பாத்துகினு நின்னான், அந்த பைத்தியக்காரன். அவனுக்கு வேண்டியது அவ்ளோதான். அந்த துப்பாக்கி பக்கத்துல நிக்கணும்.

துப்பாக்கி ஒரு வழியா ரெடியாச்சு. சுட்டு காட்ட சொல்லி பட்டாளத்துலேந்து சொல்லிட்டாங்கோ. கிருபாகரன் கெஞ்சி கூத்தாடி விஜயதசமி அன்னிக்கே நாள் வாங்கினாரு. அன்னிக்கி தொட்டது ஜெயிக்குமாம்.

மொத நாளு ஆயுத பூஜ. மிசினெல்லாம் கழுவி, வாழக்கண்ணு கட்டி, பொரி கடலையெல்லாம் வாங்கி வெச்சாச்சு. துப்பாக்கிய முழுசா வெச்சா ஒரு பொட்டுதான் வெக்க முடியும், ஒவ்வொரு துண்டுக்கும் வெக்கணும்னு நடேசன்தான் அத்த கழட்டி, எண்ண போட்டு தொடச்சி, செவப்பு துணி மேல வரிசையா வெச்சான். புள்ளய குளிப்பாட்டி படுக்க வெச்ச மாதிரி இருந்துச்சு. சந்தனம் கொழச்சது நானு. பொட்டு வெச்சது கிருபாகரன். பூசாரிய கூட நவுரு நவுருன்னுட்டு, மூணு வெரல்ல வழிச்சி வழிச்சி வெச்சாரு. பிஸ்டன் ஓடற குட்டி குழாய் கீதே, அது வாயில ஒரு அப்பு அப்பினாரு, மேல குங்குமம் வேற. பாதி உள்ள எறங்கிடுச்சு. நான் பாத்தேன், நடேசன் பாத்தான், மைதிலி கற்பூரத்த ஏந்திகினு பக்கத்துலயே நின்னா. யாருக்கும் ஒண்ணும் தோணல. சாமி காரியம், இன்னா தோணும்?

பூஜையில வெச்சத மறுநாளு வரிக்கும் யாரும் தொட மாட்டாங்கோ. அது எல்லா பட்டறையிலயும் கீற வழக்கம். மறுநாளு கால்ல சுடுதண்ணி கொட்டிகின மாதிரி கிருபாகரன் குதிக்கறாரு, "நல்ல நேரம் போவுது, மாட்டுய்யா, மாட்டு"ன்னு. நடேசன் துணியால மேலாக்க தொடச்சி, மாட்டி, வண்டியில ஏத்தினான். திருஷ்டி பூசணிக்காய ஒடச்சது நான்தான். நல்லா சுக்கு நூறாதான் ஒடஞ்சிது.

அங்க நடந்தது அவன் சொல்லிதான் எனுக்கு தெரியும். மொத தோட்டா குறியில போய் உழுந்துச்சாம். பட்டாளத்து ஆபிசரு தலைய ஆட்டினாராம். அடுத்தது ஏறல. காலி தோட்டா பாதி வெளிய, பாதி உள்ள, பல்லுல மாட்டின எலும்பு மாதிரி நிக்குதாம். கையால எடுத்து போட்டு சுட்டா மறுபடி அதே கத. ஆபிசருங்க டீ குடிச்சிட்டு கெளம்பிட்டாங்கோ. மைதிலி அங்கியே கழட்டி பாத்தா. உள்ள போன சந்தனம் வெடிச்ச சூட்டுல கருகி, குங்குமத்தோட சேந்து பிசினாட்டம் பிஸ்டன புடிச்சிகினு இருந்துச்சாம். மோந்து பாத்தா மணந்துச்சாம். செத்த ஊட்டு மணம்.

மொதலாளி ஓடியாந்தாரு. யாரு சந்தனம் வெச்சதுன்னு கேக்கப் போறாருன்னு தெரிஞ்சதும், கிருபாகரன் நடேசன எஸ்டேட்டு வாசல்ல கீற டீ கடைக்கு இஸ்துகினு போனாரு. நான் பின்னாடியே போய், குப்ப கொட்டற மாதிரி நின்னேன்.

"நடேசா, என்னிய தூக்கினா இந்த வேலையையே மூடிடுவாங்க. மறுபடி சுட்டு காட்ட நாள் வாங்க நான் இருக்கணும். நீ கொஞ்ச நாளு வெளிய இரு. திரும்ப கூப்ட்டுக்கறேன்."

"துப்பாக்கிய மூட மாட்டாங்கல்ல சார்?"

இத்த கேட்டான் பாருங்கோ! உன் சோறு போவுதுடா, நீ அந்த இரும்ப கேக்கறியா?

மொதலாளி எதிர்ல "நான்தான் சார் வெச்சேன், புத்தி இல்லாம"ன்னு நின்னான். கிருபாகரன் தல குனிஞ்சிகினு நின்னாரு, ரொம்ப வருத்தப்படற மாதிரி. மைதிலி ஜன்னல பாத்தா. அன்னிக்கே அவன வேலைய உட்டு அனுப்பிட்டாங்கோ. இது போறாதுன்னு எஸ்டேட்டு பூரா பரவிடுச்சு, துப்பாக்கிக்குள்ள சந்தனம் அப்பின முட்டாள்னு. எந்த கம்பெனியிலயும் ஃபிட்டரா சேக்கல. கேட்டாண்ட போனாலே, "வாங்க பூசாரி"ன்னு சிரிப்பு.

கடேசியா குமணன்சாவடியில ஒரு கிரில் கேட்டு பட்டறையில சேந்தான். மெட்ரோ வேல தூசுல ரோட்டோரம் உக்காந்து வெல்டிங்கு. பத்மா அந்த ஸ்வெட்டர எனுக்கு குடுத்துட்டா. அவன் அவள திட்டிட்டு, எங்கிட்டேந்து திரும்ப வாங்கிகினு போய் ஆணியில மாட்டி வெச்சான்.

துப்பாக்கிய மறுபடி சுட்டு காட்டினாங்கோ. நல்லா சுட்டுச்சு. சுடாம? அவன் தொளைச்ச ஓட்ட, அவன் காகிதம் உட்டு பாத்த குழாய். அடுத்த சுத்து சோதனைக்கு பட்டாளத்துல எடுத்துக்கினாங்கோ, கம்பெனியில லட்டு குடுத்தாங்கோ. நான் வாங்கல.

மறு வருசம் ஆயுத பூஜ வந்துச்சு. இந்த வாட்டி மொதலாளியே வந்துட்டாரு. துப்பாக்கி கண்ணாடி பொட்டிக்குள்ள. கிருபாகரன் சந்தன கிண்ணத்த புடிச்சிகினு, வந்தவங்க கிட்ட சிரிச்சிகினே சொல்றாரு: "போன வருசம் ஒரு வேலக்கார முட்டாளு உள்ளயே அப்பிட்டான் சார். அதான் இப்ப பொட்டிக்கு மேல மட்டும்."

எல்லாரும் சிரிச்சாங்கோ. தொடப்பத்த கீழ போட்டேன்.

"யோவ் கிருபாகரா! அந்த முட்டாளு நீதான்யா! உன் மூணு வெரலால நீதான் அப்பின. சந்தனம் கொழச்சவ நானு, நான் பாத்தேன். என் தம்பி உன்னிய காப்பாத்தினான், நீ அவன வெச்சி சிரிப்பு காட்டறியா? வெக்கமா இல்ல உனுக்கு? தோ நிக்கறா பாரு கற்பூரம் ஏந்தினவ, அவள கேளுங்க!"

மணிய ஆட்டறத பூசாரி நிறுத்திட்டாரு. மொதலாளிக்கு தமிழ் புரியல, பக்கத்துல கேட்டாரு. கிருபாகரன் குனிஞ்சி இன்னாவோ சொன்னாரு. மொதலாளி மைதிலிய பாத்தாரு.

மைதிலி, "எனக்கு சரியா ஞாபகம் இல்ல சார்"ன்னா. என் தலைய புடிச்சி சாய்ச்ச அதே கை, துப்பட்டாவ திருகிகினு கீது.

மொதலாளி எனுக்கு ஒரு பொரி பாக்கெட்டு குடுக்க சொன்னாரு. மறுநாளு சூப்பர்வைசரு என்னிய வாசல்லயே நிறுத்திட்டான்.

வேல போனது எனுக்கு பெருசு இல்ல. நாலு ஊட்ல பாத்திரம் கழுவினா போதும். தம்பி பேர காப்பாத்திட்டேன்னு ஊட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அவன் வந்தான். எஸ்டேட்டு ஆளுங்க யாரோ அதுக்குள்ள அவனுக்கு சொல்லிட்டாங்கோ. கண்ணு ரெண்டும் வெல்டிங்கு பாத்து செவந்து கீது.

"யாரு உன்ன பேச சொன்னது?"

"பின்ன உன்ன முட்டாளுன்னு சொல்லுவான், நான் பெருக்கிகினு நிக்கணுமா?"

"இந்த பூஜ முடிஞ்சதும் கூப்புடறேன்னு கிருபாகரன் சார் சொல்லியிருந்தாருக்கா. போன வாரம் கூட ஃபோன்ல பேசினேன். இப்ப கூப்டுவாரா?"

ஒரு வருசமா அந்த கிருபாகரனுக்கு ஃபோன் போட்டு, சார் சார்னு கெஞ்சிகினு இருந்துகீறான். எங்கிட்டயும் சொல்லல, பத்மா கிட்டயும் சொல்லல.

"அவன் எங்கடா கூப்புடுவான், சோமாறி! உன்ன டபாய்க்கறான்டா!"

"கூப்ட்டிருப்பாரு. நீதான் கெடுத்துட்ட."

அத்தோட சரி. அன்னிலேந்து எங்கிட்ட பேச்சில்ல. ஒரே காம்பவுண்டு, ஒரே கொழா, நான் கொடத்த வெச்சா அவன் பக்கெட்ட தூக்கிகினு உள்ள போயிடுவான். நான் சொன்னதுல தப்பில்ல. இன்னிக்கி கேட்டாலும் அத்தயேதான் சொல்லுவேன்.

போன மாசம் கொழம்பு எடுத்துகினு பட்டறைக்கு போனேன். யாரோ ஃப்ளாட்டுக்காரனுக்கு கேட்டு மாட்டிகினு இருந்தான். மாட்டினவன், ஒரு காகிதத்த எடுத்து கேட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல உட்டு, மேலேந்து கீழ வரிக்கும் இஸ்தான். எங்கியோ தடுக்கிச்சு. மறுபடி கழட்டினான்.

"யோவ், கேட்டுதானய்யா, தொறந்து மூடினா போறாது?"ன்னு கத்தறான் ஃப்ளாட்டுக்காரன். "இதுக்கா காலைலேந்து நிக்கறேன்?"

நடேசன் அரத்த எடுத்து ராவ ஆரம்பிச்சான். நான் கொழம்பு தூக்க அவன் பக்கத்துல வெச்சேன். நிமுந்து பாக்கல. காலால அத்த வெயிலுக்கு அந்தாண்ட நெழல்ல தள்ளினான், அவ்ளோதான். நான் பஸ்ஸ புடிச்சி வந்துட்டேன்.