நாலாவது மணி

"அடியே கிருஷ்ணம்மா, ஓடியா! மூடிக்கிச்சு!"

காத்தவராயன் போட்ட கூச்சலில் ஊரிகம் தங்கச் சுரங்கத்தின் அந்த லைன் வீட்டு வரிசையே வெளியே வந்துவிட்டது. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். வந்து பார்த்தால் ஆள் பாயில் உட்கார்ந்துகொண்டு வலது கையைத் தூக்கிக் காட்டுகிறான். கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம். ஐந்து விரலும் அதைச் சுற்றி மூடியிருந்தன. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இரண்டு பேர் முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும்! ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை கீல்வாயு வந்து அவன் விரல் மூட்டுகளையும் முழங்கால்களையும் பிடித்தது. மூன்று மாதமாக அந்தக் கை ஒரு சோற்று உருண்டையைக்கூடப் பிடித்ததில்லை. கிருஷ்ணம்மாதான் ஊட்டினாள். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை பெண்டாட்டி கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். வலியைவிட அந்த வெட்கம்தான் அவனை அதிகமாகத் தின்றது.

கிருஷ்ணம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பழத்தைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள். "வலிக்கலையா?" என்றாள்.

"வலிக்காம இன்னா? உயிர் போவுது. ஆனா மூடிக்கிச்சு பாரு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பழத்தை அவன் கையிலிருந்து பிடுங்க முயன்றாள். அவன் விடவில்லை.

அந்தக் கை மூடுவதில்தான் அவர்கள் பிழைப்பே இருந்தது. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் ஓடத் தொடங்குவதற்கு ஆறு வருஷம் முன்பே, குடியாத்தம் பக்கத்திலிருந்து கால்நடையாக வந்தவன் காத்தவராயன். முதல் நாலு வருஷம் பூமிக்குள், முழங்கால் தண்ணீரில் நின்று பாறையில் துளை போட்டான். ஒருநாள் மேல்பாறை லேசாக முனகியதை அவன் காது மட்டும் கேட்டது. "ஓடுங்கடா!" என்று கத்தி ஆறு பேரை இழுத்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே பாறை விழுந்தது. அதற்குப் பிறகு அவனைக் கீழே அனுப்பவில்லை. இப்பேர்ப்பட்ட காது மேலே இருக்கட்டும் என்று சுரங்கக் குழியான சாஃப்டின் வாயில் மணிக்காரனாக நிறுத்திவிட்டார்கள்.

மணிக்காரன் வேலை சொல்வதற்குச் சுலபம். கீழே பாறை வெட்டும் லெவலில் இருப்பவன் கம்பியை இழுப்பான். மேலே ஒரு சுத்தி இரும்புத் தகட்டில் அடிக்கும். மூன்று அடித்தால் கேஜில், அதாவது ஏறி இறங்கும் இரும்புக் கூண்டில், கல் இருக்கிறது, விரட்டித் தூக்கலாம். நாலு அடித்தால் ஆள் இருக்கிறார்கள், மெள்ளத் தூக்க வேண்டும். மணிக்காரன் எண்ணிக் கேட்டு, தன் கையிலிருக்கும் கயிற்றை அத்தனை தடவை இழுப்பான். என்ஜின் வீட்டில் அவனுடைய மணி அடிக்கும். டிரைவர் வால்டர் துரை அதை நம்பித்தான் விசையைத் தள்ளுவார். நாலை மூன்றென்று சொல்லிவிட்டால் பத்து ஆள் கல் மாதிரி பறந்து வந்து மேலே மோத வேண்டியதுதான்.

சந்தேகம் வந்தால் கீழே திருப்பி அடித்துக் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவனுக்கு அந்தச் சுரங்கத்தில் 'செவிட்டு மணி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். காத்தவராயன் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டவனில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

எலுமிச்சம்பழம் அடங்கிய மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டான். காலையில் மூட்டுகள் பூட்டு போட்டது போலக் கிடக்கும். கிருஷ்ணம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, ஒவ்வொரு விரலாக நீவி விடுவாள். ஒவ்வொன்றுக்கும் அவன் ஒவ்வொரு சாமியைக் கூப்பிடுவான். கட்டை விரலுக்கு வரும்போது சாமிகள் தீர்ந்துபோய் வசவுகள் ஆரம்பிக்கும். ஆனாலும் சாஃப்ட் வாயில் போய் நின்று, கயிற்றைப் பிடித்து, முதல் மூன்று மணியை இழுத்தானே, அப்போது அவனுக்கு வந்த சந்தோஷம் தங்கப்பாளத்தையே தூக்கிக் கொடுத்தாலும் வராது. ஷிப்ட் முடிந்து கேஜில் மேலே வந்த அவன் மச்சான் பெருமாள், கிருஷ்ணம்மாவின் தம்பி, வெளியே குதித்து வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டான்.

"மாமா வந்துட்டாருடா! இனிமே கண்ண மூடிகினு கேஜ்ல ஏறலாம்!"

அந்தச் சனிக்கிழமை பொடி வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். கை மூடியதற்குக் காரணமே அந்தப் பொடிதான். வெள்ளையாக இருக்கும். தித்திப்பும் உப்பும் கலந்து குமட்டும். காம்பவுண்டர் கொர்னேலியஸ் வேலூர்க்காரர், நல்ல மனுஷன். ஆனால் வரிசை நீளமாக இருந்தால் அவர் வாயும் ரயில் வேகத்தில் ஓடும்.

"வலி இன்னும் கீதா?"

"காத்தால நேரத்துல கீதுங்க."

"வயிறு?"

"பொரட்டுதுங்க. கஞ்சி குடிச்சா சரியாப் பூடுது."

"காதுல மணி அடிக்குதா?"

காத்தவராயனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தான் வேலைக்குத் திரும்பிய சேதி ஆஸ்பத்திரி வரைக்கும் எட்டிவிட்டதே!

"அடிக்காம இருக்குமா சார்? ஷிப்ட் பூரா அடிக்குது. அது அடிச்சாத்தான எங்க ஊட்ல அடுப்பு எரியும்!"

வரிசையே சிரித்தது. காம்பவுண்டரும் சிரித்துவிட்டார். மணிக்காரன் வேடிக்கை பேசுகிறான், காதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். "காத்தால வலி கீதுன்ற இல்ல, ஒரு வேளை கூட்டிக்க" என்று பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டிக் கொடுத்தார். அவர் என்ன கேட்டார் என்பது இவனுக்கும், இவன் என்ன சொன்னான் என்பது அவருக்கும் புரியவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கை இன்னும் நன்றாக மூடியது. புதன்கிழமை காதுக்குள் ஒரு ரீங்காரம் வந்து உட்கார்ந்தது. மூன்று மாதம் மணி கேட்காத காது, கிடைத்த சத்தத்தையெல்லாம் பேராசையோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று அவன் நினைத்தான். வியாழக்கிழமை கிருஷ்ணம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். வெள்ளிக்கிழமை காலை ஷிப்டில், தகட்டில் விழுந்த மணி மூன்றா நாலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

திருப்பி அடித்துக் கேட்டான். மூன்று. கல்தான். அரை மணி கழித்து மறுபடியும் சந்தேகம். மறுபடியும் கேட்டான். கேஜிலிருந்து கல்லை இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "செவிட்டு மணி" என்று யாரோ சொன்னது மட்டும் அவன் காதில் நன்றாக விழுந்தது!

மூன்றாம் தடவை கேட்டபோது வால்டர் துரை என்ஜின் வீட்டிலிருந்து வெளியே வந்தார். இருபது வருஷம் இங்கேயே இருந்தவர். தமிழ் பேசுவார், அவர் பாணியில்.

"இன்னா மேன்? கை சரி ஆச்சு, காது போச்சா? இன்னொரு தபா திருப்பிக் கேக்கு, கயிறு வேற ஆள் கையில் குடு. அவ்ளோதான்."

காத்தவராயன் தலையை ஆட்டினான். பாடுபட்டு மூடிய கை, இந்த ஒரு கயிற்றைப் பிடிக்கத்தானே! கயிறு போனால் வேலை போச்சு, வேலை போனால் லைன் வீடு போச்சு, மறுபடியும் குடியாத்தம் ரோடுதான்.

ஷிப்ட் முடியும் நேரம். நாளெல்லாம் நின்ற முழங்கால் திடீரென்று மடங்கியது. விழாமலிருக்கப் பக்கத்துத் தூணைக் கட்டிப் பிடித்தான். வீங்கிய விரல் மூட்டு, தூணோரம் கீழிருந்து ஏறிவரும் மணிக் கம்பிமேல் போய் அழுந்தியது. அதே நேரத்தில் மணி அடித்தது.

காது சொன்னது: மூன்று.

கை சொன்னது வேறு. சுருக், சுருக், சுருக் என்று மூட்டுக்குள் ஊசி இறங்கியது. பிறகு, தகட்டில் சத்தம் எதுவுமே கேட்காதபோது, லேசாக இன்னொரு சுருக்.

மூன்றா, நாலா? மூன்று மாதமாக அவனை ஏமாற்றாதது அந்த வலி ஒன்றுதான். வலிக்கும்போது வலித்தது, குறையும்போது குறைந்தது. அவன் என்ஜின் வீட்டைப் பார்த்தான். வால்டர் துரை விசையில் கை வைத்துக் காத்திருந்தார். மூன்று என்று இழுத்தால் கயிறு அவனுடையது. திருப்பிக் கேட்டால் கயிறு இல்லை.

"போனாப் போவுது!" என்று வாய்விட்டே சொன்னான். கீழே திருப்பி அடித்துவிட்டு, மூட்டைக் கம்பிமேல் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

சுருக். சுருக். சுருக். சுருக்!

நாலு! கண்ணில் தண்ணீர் கொட்ட, நாலு தடவை கயிற்றை இழுத்தான்.

கேஜ் மெள்ள மெள்ள ஏறி வந்து நின்றது. வால்டர் துரை முகம் சிவந்து வெளியே வந்து நின்றார். கேஜ் கதவு திறந்தது. கல் இல்லை. பெருமாள் இறங்கினான், அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர்.

துரை திட்ட வாயைத் திறந்தார். பத்துப் பேரையும் ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"துரை, எனக்கு மூணுதான் கேட்டுது" என்றான் காத்தவராயன். மறைக்கத் தோன்றவில்லை. "கையிலதான் நாலு வலிச்சுது. காதுக்குள்ள இன்னாவோ ஒண்ணு ஓயாம அடிச்சிகினே கீது. கயித்த வாங்கிக்குங்க."

துரை கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காம்பவுண்டர் கொர்னேலியஸ் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "அதத்தானேப்பா கேட்டேன், காதுல மணி அடிக்குதான்னு!"

"நீங்க என் வேலையக் கேக்கறீங்கன்னு நெனச்சேன் சார்!"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் காம்பவுண்டர் பொட்டலத்தைச் சின்னதாகக் கட்டினார். பொடி மீறினால் காதுக்குள் இரையும் என்றும், அளவைக் குறைத்தால் நாலைந்து நாளில் அது அடங்கிவிடும் என்றும் விளக்கினார். "ஆனா ஒண்ணு. இதுக்கு மேல கூட்டித் தர முடியாது. கொஞ்சம் வலி கூடவேதான் இருக்கும். எத்தினி நாளுன்னு என்னால சொல்ல முடியல."

"இருந்துட்டுப் போவட்டும் சார். கை மூடினா போதும்."

ஐந்தாம் நாள் ரீங்காரம் அடங்கியது. ஆறாம் நாள் சாஃப்ட் வாய்க்குப் போனான், கயிற்றைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். வால்டர் துரை கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இனிமே நாலு வந்தா திருப்பிக் கேக்கு. மூணு வந்தாலும் கேக்கு. எத்தினி தபா வேணும், கேக்கு. எவன் சிரிக்கறான், நான் பாக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சாஃப்டில் அன்றிலிருந்து திருப்பிக் கேட்பதே வழக்கமாயிற்று. அதற்குப் பிறகு காத்தவராயன் பத்து வருஷம் மணிக்காரனாக இருந்தான். வலி சில மாதம் குறைந்தது, சில மாதம் ஏறியது. ஒரேயடியாகப் போகவில்லை. காலையில் உப்பு ஒத்தடமும் சாமிகளும் வசவுகளும் நடந்துகொண்டே இருந்தன.

கயிறு திரும்பக் கிடைத்த அந்த முதல் நாள் மாலை, காது தெளிவாக நாலு மணி கேட்டது. இருந்தாலும் அவன் மூட்டைக் கம்பிமேல் வைத்துத் திருப்பிக் கேட்டான். கேஜ் மேலே வந்தது. பெருமாள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மாமன் கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவன் முகம் வாடியது.

"இன்னா மாமா, இன்னும் வலிக்குதா?"

"வலிக்குதுடா!" என்றான் காத்தவராயன், ஊரே கேட்கும்படி சிரித்துக்கொண்டு. "நாலு தபா!"