ஆரஞ்சு மரத்தடியில் ஒரு சாட்சி

பிள்ளைகளா, இடக்கை இல்லாத அந்த மனிதரை எழுபதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் ஆபீஸில் பார்த்தேன். நான் நிலத் தகராறுக்காகப் போயிருந்தேன். அவர் பெரும்பாறை மலைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காப்பிப் பழம் உரிக்கும் மெஷினில் கை போய்விட்டது. நெட்டையான ஆள். கை இருந்த இடத்தில் வெறுங்காற்றை அடிக்கடி தடவிக்கொடுப்பார்.

“மலையில மழை போலருக்கு. கை சில்லுங்குது,” என்றார் என்னிடம். வெளியே வெயில் கொளுத்தியது.

வக்கீல் அவரைக் கூப்பிட்டார். “அடிபட்டது தோட்டத்துலயே இல்லங்கிறாரு மொதலாளி. கூட இருந்தவங்க சாட்சி சொல்வாங்களா?”

“சொன்னா தோட்டத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு பயப்படுறாங்கய்யா. அறுந்த கை மட்டும் அங்கனயே ஆரஞ்சு மரத்தடியில பொதைஞ்சு கெடக்கு.”

வக்கீல் நிமிர்ந்தார். “அப்ப அதுதான்யா சாட்சி! கோர்ட்டுல கேட்டுத் தோண்டிருவோம்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “வேணாங்கய்யா. மம்பட்டி பட்டா வலிக்கும்.”

வக்கீல் எவ்வளவோ சொன்னார். அவர் கேட்கவில்லை. வழக்கே வேண்டாமென்று, இல்லாத கையை மறுகையால் அணைத்தபடி படியிறங்கிப் போனார்.

ஆரஞ்சு மரத்துக்கு யாராவது மண் வெட்டினால் நான் சட்டென்று இடக்கையை மடக்கிக்கொள்வேன். நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்களே, அது அன்றிலிருந்துதான்.