நான் ஜெயித்துவிட்ட சண்டை

கொரோனா முடிந்து எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொன்ன வருஷம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அயனம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தேன். காலையில் கம்பெனி வேனில் ஏறியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். பாட்டு கேட்க மட்டுமில்லை, யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவும்தான். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்தவள் என் தோளைத் தட்டினாள்.

“இன்னா பாட்டுங்க அது? ஏழு ஏழா ஓடுது?”

ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தத்தை வைத்தே தாளத்தை எண்ணியிருக்கிறாள்! நான் பாட்டின் பெயரைச் சொன்னதும், “அட, அந்தாளா? நல்லா பாடுவாரு. ஆனா வரி எழுத வராது” என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

புரோகிரசிவ் ராக் என்று ஒரு வகை இருக்கிறது. கேட்காதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுநடுவே தாளம் மாறும். பாடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் நமக்குக் காபி ஆறிவிடும். ஊரில் என் அம்மா, “எப்பம்ட்டி பாட்டு ஆரம்பிக்கும்?” என்று கேட்பாள். இதைக் கேட்கிற இன்னொரு பெண்ணை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவளும்தான்.

அவள் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரிட்டையர் ஆனதும் கோவில்பதாகையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அம்மா இல்லை, அப்பாவும் அவளும்தான். ஒரு வாரத்துக்குள் ‘வாங்க போங்க’ போய் ‘வாடி போடி’ ஆகிவிட்டது.

இந்த வகைப் பாட்டில் யார் எழுதும் வரிகள் உசத்தி என்பதுதான் எங்கள் சண்டை. அவளுக்கு எழுபதுகளில் பாடிய ஓர் இங்கிலாந்துக்காரர். எனக்கு, இப்போதும் பாடிக்கொண்டிருக்கும் வேறொருவர். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களில் நாலு பேர் மூன்றாவதாக ஒரு பேரைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அவளுடைய ஆள் கடல், கோட்டை, தொலைந்துபோன நகரம் என்று எழுதுவார். என்னுடைய ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவையும் ஆள் இல்லாத சமையலறையையும் எழுதுவார்.

“உன் ஆளு டைரி எழுதறான்டி. அதுக்குப் பேர் லிரிக்ஸா?”

“உன் ஆளு எழுதுனது அவருக்காவது புரிஞ்சிருக்குமாட்டி?”

அவளிடம் ஒரு அளவுகோல் இருந்தது. “பாட்டைத் தூக்கிப் போட்டுட்டு வரியை மட்டும் பேப்பர்ல எழுதிப் பாரு. அப்பவும் நிக்கணும். நிக்கலைன்னா அது சும்மா.” நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வரிக்கு உயிர் குரலில்தான் இருக்கிறது, பாடினால்தான் அது வரி என்பேன். சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே கத்துவோம். ஒரு தடவை அவள் தன் ஆளின் பாட்டு ஒன்றை முழுசாக, ராகமே இல்லாமல், செய்தி வாசிக்கிற மாதிரி படித்துக் காட்டினாள். வாக்கிங் போன ஒரு தம்பதி நின்று கேட்டார்கள். அந்த அம்மா, “பரீட்சைக்குப் படிக்கிறியாம்மா?” என்று கேட்க, சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு வலது காது அடைத்துக்கொண்டது. சளி என்று நினைத்தோம். டாக்டரிடம் உடனேதான் போனாள். மாத்திரை கொடுத்தார்கள், காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கேட்கும் சக்தி திரும்பவில்லை. “இன்னொண்ணு கீதுல்ல, வுடு” என்றாள். ஒற்றைக் காதில் பாட்டு கேட்டுக்கொண்டே என்னோடு சண்டை போட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் போன் செய்தாள். ‘சொல்லுட்டி’ என்கிறேன், அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறாள்.

“நீ பேசறது எனக்குக் கேக்கல. நீ லைன்ல கீறியான்னுகூட தெரில. கீறன்னு நெனச்சுகினு பேசறேன். ஊட்டுக்கு வாடி.”

நான் “வாரேன், வாரேன்” என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்?

அவள் அப்பாதான் கதவைத் திறந்தார். ஹாலில் டிவி ஓடியது, சத்தமில்லாமல். “காலைல குக்கர் விசில் அடிச்சுகினே இருந்துச்சும்மா. நிறுத்தலையேன்னு உள்ள போய்ப் பார்த்தா, பக்கத்துலதான் நின்னுனு இருக்கா” என்றார். டிவியைப் பார்த்துவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி, “அவளுக்குக் கேக்காதத நான் மட்டும் இன்னாத்துக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். முழு சத்தத்தில் பாட்டு ஓடியது. அவளுடைய ஆளின் பாட்டு. என்னைப் பார்த்ததும், “அதிருதுடி” என்றாள். “அவ்ளோதான். அதிருது.” தன் குரல் தனக்கே கேட்காததால் ரொம்பச் சத்தமாகச் சொன்னாள்.

இரண்டு காதும் போனதற்கு என்ன காரணம் என்று கடைசிவரை எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைக்கலாம் என்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பேச்சு கேட்கும், பழகப் பழகப் புரியும் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். “பாட்டு?” என்று கேட்டாள். அவர், ‘அதை இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம்’ என்று எழுதினார்.

ஆபரேஷன் நடந்தது. உள்ளே வைத்தது போக, காதுக்குப் பின்னால் மாட்டிக் கழற்ற வட்டமாக ஒரு கருவி, அதை முடியால் மறைத்துக்கொள்வாள். பேச்சு நிஜமாகவே பிடிபட்டது. நேரே முகம் பார்த்துப் பேசினால் முக்கால்வாசி புரிந்துகொண்டாள். வேலைக்குத் திரும்பினாள். ஆபீசில் எல்லோரும் கேக் வெட்டினோம். கெட்டிக்காரி, மனதைரியம் உள்ளவள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் நம்பிக்கை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டும் வந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அவளே ஏரிக்கரைக்கு வரச் சொன்னாள். வெயில் நன்றாகத் தணிந்த நேரம். கல்லில் உட்கார்ந்ததும் போனை எடுத்து, அவளுடைய ஆளின் வரிகளைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

“தினம் போட்டுக் கேட்டேன்டி. யாரோ தட்டுமுட்டுச் சாமானை உருட்டற மாதிரிதான் கீது. சரி, பாட்டைத் தூக்கிப் போட்டாச்சு, வரி நிக்கும்ல? அதான நானு சொன்னது? உக்காந்து படிச்சேன். எல்லாப் பாட்டும் படிச்சேன். நிக்கலடி. ஒண்ணும் நிக்கல. கடல், கோட்டைன்னு இன்னான்னவோ எழுதி வச்சிருக்கான். நீ சொன்னதுதான் கரெக்டு. நீ ஜெயிச்சுட்ட.”

இத்தனை நாள் எந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்கப் பாடுபட்டேனோ, அதை அவள் இப்படிச் சொல்லி நான் கேட்க வேண்டியதாயிற்று.

உடனே அவள் கட்சிக்குத் தாவினேன். இல்லவே இல்லை, உன் ஆள்தான் பெரியவர், என் ஆள் எழுதுவது டைரிதான் என்றேன். இந்த வரியைப் பார், இந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் பார் என்றேன். அவள் முன்பு சொன்ன காரணங்களையெல்லாம் அவளிடமே திருப்பிச் சொன்னேன். பிறகு அந்தப் பாட்டைப் படித்தேன். அவள் உதட்டைப் பார்க்க வசதியாக முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, என்னால் முடிந்தவரை நன்றாகப் படித்தேன். என் ஆயுளில் எதையும் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை.

அவள் குறுக்கிடாமல் முழுசும் கேட்டாள். பிறகு என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

“நல்லாதான் படிக்கிற. ஆனா எனக்கு உன் குரல், எங்க அப்பா குரல், பஸ்ல டிக்கெட் கேக்கற கண்டக்டர் குரல், அல்லாம் ஒரே குரல்தான்டி. எதிர்ல நீ இருக்கறதால நீன்னு தெரியுது.”

அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அவள் அழவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்து, பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. அது தெரிந்துதான் கழற்றினாள். இருட்டத் தொடங்கும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது, வண்டியை மெதுவாக ஓட்டு என்று கையால் சைகை காட்டினேன். தலையாட்டினாள்.

இப்போதும் நாங்கள் சிநேகிதிகள்தான். வேனில் பக்கத்துப் பக்கத்து சீட். மேனேஜரைத் திட்டுவோம், சேலை பார்ப்போம், அவள் அப்பாவின் சர்க்கரையைப் பற்றிக் கவலைப்படுவோம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானாக ஒருமுறை பேச்செடுத்தேன். “வுடுடி, அதான் முடிஞ்சு போச்சே” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருப்பேன்.

போன மாதம் என்னுடைய ஆள் புது ஆல்பம் விட்டார். நல்ல வரிகள்தான். கேட்கும்போதே, இந்த இடத்தில் அவள் என்ன குறை சொல்லியிருப்பாள் என்று தேடுகிறேன். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. என்னை விடாமல் மறுத்துப் பேச ஒருத்தி இருந்த காலத்தில்தான் அந்தப் பாட்டுகளை நான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. அந்தச் சண்டையில் ஆயுசு முழுக்க அவளிடம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கலாம்.