விளக்கெண்ணெய்க்குக் கிடைத்த நல்ல பெயர்

அறுபதுகளில் சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தேன். ஊரில் எனக்குத் 'தூங்க வைக்கிற டாக்டரம்மா' என்று பெயர். ஏதோ நான் தொட்டில் ஆட்டப் போனவள் மாதிரி! தூங்க வைப்பது என்ன பெரிய வித்தை? பென்டோதால் என்ற மயக்க ஊசியை ஏற்றினால் யானையும் தூங்கும். தூங்குகிற அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சடாரென்று விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. உடம்பில் நீர் வற்றிக் கிடந்தால் கட்டாயம் விழும். விழுந்தது எழாமலே போவதும் உண்டு.

எங்கள் பக்கத்து ஜனங்களோ, நீரை வற்ற அடித்துத்தான் ஆளை ஆஸ்பத்திரிக்கே அனுப்புவார்கள். ஆபரேஷன் என்றால் வயிறு சுத்தமாக இருக்க வேண்டுமாம். அதற்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைப்பார்கள். வேண்டாம் என்று நான் தொண்டை வறளச் சொன்னாலும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தீபாவளி சீசன் முடிந்த கையோடு, நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்து படுத்தார். ஆபரேஷன் அன்று காலையில் போய்ப் பார்த்தால் நாக்கு காய்ந்து, கண் குழி விழுந்து கிடக்கிறார். எழுப்பி உட்கார வைத்ததும் பிரஷர் இறங்கியது.

"என்ன குடுத்தீக?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"விளக்கெண்ணெய்தான் டாக்டரம்மா. நேத்து காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. இப்ப வயிறு கண்ணாடி கணக்கா இருக்கு" என்றார் அந்த அம்மா, பெருமை பொங்க.

"இப்படியே ஊசி போட்டா இவுக முழிக்கவே மாட்டாக. முதல்ல சலைன் ஏத்தணும்."

அதுவரை முனகிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! "பாட்டிலா? நல்லாருக்கே! பாட்டில் தொங்குனா ஆளு முடிஞ்சான்னு ஊரு பூரா பேசுவாக. ஆர்டர் குடுத்தவன்லாம் அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். நீங்க ஊசியைப் போடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆள் போய்விட்டால் ஆர்டரை யார் வாங்குவது? ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமென்றால், மறுபடியும் விளக்கெண்ணெயிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்ற பயம். கடைசியில் பேரம் பேசித்தான் முடித்தேன். பாட்டிலை வெளியே தெரியாமல் துண்டு போட்டு மூடினால் சம்மதம் என்றார். மூடினோம். ஜன்னலில் எட்டிப் பார்த்த சொந்தக்காரர்கள், அண்ணாச்சி தலைமாட்டில் சாமி படம் தொங்குகிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மதுரையிலிருந்து வந்த சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு, "இன்னுமா?" என்று வாசலில் பொருமினார். பொருமட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே போன சலைனில் நாக்கு ஈரமாகி, உட்கார வைத்தாலும் பிரஷர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் மேஜைக்குக் கொண்டுபோனேன். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரு கை மருந்தில், ஒரு கை நாடியில். நாடி ஒருமுறை மெலிந்தது. உடனே மருந்தை நிறுத்திக் காலை உயர்த்தச் சொன்னேன். நாடி மறுபடி விரலை முட்டியது. அப்போது வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி நல்லபடியாக எழுந்தார். வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா என்னிடம், "சும்மா பயமுறுத்திட்டீகளே டாக்டரம்மா. ஒண்ணுமே ஆகலையே" என்று சிரித்தார். ஒன்றும் ஆகாமல் போனால் அதற்கு சாட்சி ஏது? நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து அண்ணாச்சியின் தங்கை அதே ஆபரேஷனுக்கு வந்தார். தங்கை என்ன, ஸ்ட்ரெச்சரில் வெளுத்துப்போன ஒரு சேலை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க அண்ணன் பிழைச்சதே விளக்கெண்ணெயாலதான்னு மதினி சொன்னாக டாக்டரம்மா" என்றார், குரலே எழும்பாமல். "அதான் நான் மூணு வேளை குடிச்சிட்டு வந்துட்டேன்."