அண்ணன் போடாத சுவிட்ச்

என் இடது ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. பத்தொன்பது வயதில், கணபதியில் இருந்த எங்கள் பட்டறையில், துளை போடும் மெஷினின் பெல்ட்டில் போனது. நான் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் அண்ணன் சுவிட்சைப் போட்டுவிட்டார் என்பதுதான் வீட்டில் சொல்லும் கதை. எனக்கும் அது நன்றாக நினைவிருந்தது: அவர் கை, கறுப்பு வார் கடிகாரம், சுவிட்சின் சத்தம்.

அண்ணன் அதன்பிறகு பட்டறைக்கு வரவில்லை. மதுக்கரையில் கடை வைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஓர் உளவியல் கட்டுரை படித்தேன். நடக்காத ஒன்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டு, கற்பனை செய்து பார்க்கவும் சொன்னால், சிலருக்கு அது நினைவாகவே மாறிவிடுமாம். செய்யாத குற்றத்தைக்கூட விவரத்தோடு ஒப்புக்கொள்வார்களாம். பதினாறு வயதிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன், திருப்பிப் படித்ததில்லை. என் நினைவைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தில் அந்த வருடத்து நோட்டை எடுத்தேன்.

விபத்துக்கு இரண்டு நாள் கழித்து எழுதியிருக்கிறேன்: "பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. பெல்ட் மாற்றினேன். சுவிட்சை அணைக்கவில்லை. பதினொன்று இருபதுக்குக் கரண்ட் வந்தது. விரல் போய்விட்டது. அண்ணன் போத்தனூர் போயிருந்தார். இரண்டு மணிக்கு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்."

கரண்ட் போனால் சுவிட்சை அப்படியே விட்டுவைப்பது எங்கள் தெருப் பட்டறைகளின் வழக்கம். மெஷின் தானாகச் சுற்றினால் கரண்ட் வந்துவிட்டது என்று தெரியும். கறுப்பு வார் கடிகாரத்தை அண்ணன் வாங்கியதே அடுத்த வருடம்தான். அதுவும் ஒரு நோட்டில் இருந்தது.

கதை எப்படி மாறியது? ஆஸ்பத்திரியில் அம்மா அண்ணனைப் பார்த்து, "நீ என்னடா பண்ணிப்போட்டே?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு மதுக்கரைக்குப் போனேன். சமையலறையிலிருந்து அண்ணி, "மிக்ஸி போடறேன், மிக்ஸி போடறேன்" என்று இரண்டு முறை கத்தினார்.

"யாருக்குங்க அண்ணி சொல்றீங்க?"

"உங்கண்ணனுக்குத்தானுங்க. ரெண்டு வாட்டி சொல்லாம இந்த ஊட்ல லைட்டுக்கூடப் போட முடியாது. கல்யாணம் ஆன நாள்லருந்து மைக் செட்டு வேலைதான்!"

நோட்டை அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"இல்லடா. நாந்தான் போட்டேன். சுவிட்சு எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு. இன்னும் கையில தெரியுது."

"எனக்குந்தானுங்ணா உங்க கை தெரிஞ்சுது. நீங்க அங்க இல்லவே இல்லீங். சுவிட்சை அணைக்காம உட்டது நானுங்."

"என்னைச் சமாதானம் பண்ண எழுதிக் கொண்டாந்தியா?"

"முப்பது வருச மைங்ணா. மங்கிப் போச்சு பாருங்."

விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அன்னிக்கு போத்தனூர்ல நான் என்ன பண்ணிட்டிருந்தேன் கண்ணு?" என்றார்.

ரயிலில் வந்த சரக்கை எடுக்கப் போயிருப்பார். சொல்ல வாய் திறந்தேன். அதைச் சொன்னால் அடுத்த வாரமே மூட்டையின் கனம்கூட அவர் தோளுக்கு நினைவு வந்துவிடும் என்று தோன்றியது.

"அது எழுதலீங்ணா" என்றேன். "எனக்குத் தெரியாதுங்."