எங்க வீட்டு ஒன் அண்ட் ஹாஃப்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலத்துல பெங்களூர்ல நடந்தது இது. நமக்கு தொம்மலூர். ஆட்டோ ஓட்டுறேன். படிப்பு நாலாங்கிளாஸு. அதுக்கு மேல ஸ்கூலும் என்னைத் தாங்கல, நானும் ஸ்கூலைத் தாங்கல. இதக் கூட போன்ல பேசிப் பேசித்தான் எழுத வெச்சிருக்கேன். தப்பு இருந்தா போனைத் திட்டுங்க.

பொண்டாட்டிக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். டாக்டரம்மா பாத்துட்டு, "ரெட்டைப் புள்ளைங்க"ன்னாங்க. "ஒண்ணு நல்லா வளந்திருக்கு, இன்னொண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கு, பாத்துக்கலாம்"னாங்க. நம்ம வாயி சும்மா இருக்குமா? "அப்போ ஒன் அண்ட் ஹாஃபா மேடம்?"னேன். மழை வந்தா, நேரமாச்சுன்னா நாங்க ஆட்டோக்காரங்க கேக்குறது அதுதான்: மீட்டர்ல வர்றது முழுசா ஒண்ணு, அதுக்கு மேல பாதி. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. பொண்டாட்டி தொடையில கிள்ளுனா பாருங்க, தையல் போடாத கொறை.

அன்னையிலேர்ந்து வயித்துக்குள்ள இருக்கறதுங்களுக்கு அதே பேரு. பெருசு ஒன்னு, சின்னது ஹாஃபு. தினம் வண்டிய நிறுத்திட்டு வந்ததும் வயித்துகிட்ட வாய வெச்சு, "ஏய் ஹாஃபு, எங்க போவணும்? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டா? மீட்டர் மேல குடுப்பியா?"ன்னு கேப்பேன். உள்ள இருந்து ஒரு ஒதை வரும். "பாருய்யா, கட்டுப்படி ஆகாதாம்"னு பொண்டாட்டி சிரிப்பா.

நெஜப் பேரு தேடுறதுதான் பேஜாராப் போச்சு. பையனா பொண்ணான்னு சொல்ல மாட்டாங்க. அதனால அதுக்கு ரெண்டு, இதுக்கு ரெண்டுன்னு நாலு பேரு வேணும். ஏறுற சவாரிங்ககிட்டல்லாம் கேட்டேன். ஒரு ஆபீஸ் மேடம் சொன்ன பேரச் சொல்லிப் பாத்தேன், நாக்கு சுளுக்கிக்கிச்சு. "பெத்த அப்பனே கூப்ட முடியாத பேரு எதுக்கு மேடம்?"னேன். அத்திபெலே வரைக்கும் வந்த ஒருத்தர் வழி பூரா பேரு சொல்லிட்டே வந்தார். எறங்கும்போது விசாரிச்சா, அத்தனையும் அவர் வீட்டு ஆளுங்க பேரு.

எங்கம்மா வேற, "பொறக்கறதுக்கு முன்ன பேரு வெக்காதடா, கண்ணு பட்டுடும்"னு ஒரே புடியா நின்னாங்க. நான் எங்க கேட்டேன்? ஆட்டோ பின்னாடி கண்ணாடியில புள்ளைங்க பேரு ஒட்டுறது எங்காளுங்க பழக்கம். பேரே முடிவாவல, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் பூவு ஸ்டிக்கர் ஒட்டி, நடுவுல எடம் விட்டு வெச்சுட்டேன். ஸ்டாண்டுல பாக்கறவன்லாம், "என்ன குரு, எடம் வாடகைக்கா?"ன்னு கேட்டானுங்க.

எட்டாம் மாசத்துலயே வலி வந்துடுச்சு. என் வண்டியிலயே ஏத்திட்டுப் போனேன். "யோவ், மெதுவாப் போ"ங்குறா. அதே மூச்சுல "யோவ், ஜல்தி போ"ங்குறா. எத்தனையோ சவாரி திட்டியிருக்கு, ஆனா ரெண்டையும் சேத்து யாரும் திட்டுனதில்ல.

ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ரெண்டும் பொண்ணு. பெரியவ கத்துன கத்துல வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. சின்னவ கத்தல. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சு, மூக்குல குழா சொருகியிருந்தாங்க. கையில ஒரு பட்டை. அதுல அம்மா பேரும், ரெண்டுன்னு ஒரு நம்பரும். அவ்ளோதான் அவ அட்ரஸு. "இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னுட்டார் டாக்டர்.

வார்டுல பொண்டாட்டி செவுத்தப் பாத்துப் படுத்திருந்தா. "சின்னவளுக்கு ஒரு பேரு வெச்சுடலாமா?"ன்னேன். திரும்பாமயே, "வேணாம்யா. பேரு வெச்சுட்டு, அப்புறம் எதனா ஆச்சுன்னா, அந்தப் பேர நான் என்ன பண்றது?"ன்னா.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். முழுசா வந்து சேருன்னு ஒரு நல்ல வார்த்தை சொல்லாம, பாதி பாதின்னு கூப்ட்டுட்டோமேன்னு மனசு அடிச்சுக்குது.

மறுநாள் காலையில ஒரு நர்ஸம்மா வந்து கன்னடத்துல, "சட்டையக் கழட்டுப்பா"ன்னாங்க.

"எனக்கா மேடம் ஊசி?"

"ஊசி இல்ல. கொழந்தைய நெஞ்சுல வெச்சுக்கணும், கங்காரு மாதிரி. அம்மாவால இன்னும் எழுந்து உக்கார முடியல, நீதான் வெச்சுக்கணும்."

"நெஞ்சு பூரா முடி மேடம். கரடின்னு பயந்துக்கப் போறா."

"வாய மூடிட்டு, போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

கழுவிட்டு வந்து உக்காந்தேன். குழாயோட அவளத் தூக்கி நெஞ்சுல வெச்சு, மேல துணி சுத்திக் கட்டுனாங்க. என் மீட்டர் பொட்டி கூட அவளவிட வெயிட்டு. மூச்சு விடவே பயந்து உக்காந்திருக்கேன். "பொம்மை மாதிரி இருக்காத, பேசு. பேரு சொல்லிக் கூப்டு"ன்னாங்க.

"பேரு வெக்கல மேடம்."

"உள்ள இருக்கும்போது எதனா சொல்லிக் கூப்ட்டிருப்பேல்ல? அதச் சொல்லு. உங்க ரெண்டு பேரு கொரலத் தவிர அதுக்கு இங்க யாரத் தெரியும்?"

சுத்தி மத்த அம்மாமாருங்க உக்காந்திருக்காங்க. வெக்கம் புடுங்கித் தின்னுது. குனிஞ்சு மெல்ல, "ஏய் ஹாஃபு, எங்க போவணும்? மெஜஸ்டிக்கா?"ன்னேன்.

அசைவே இல்ல.

"மீட்டர் மேல ஒண்ணும் வேணாம் தாயி. மீட்டரே போடல. வீட்டுக்குப் போலாம் வா."

நெஞ்செலும்பு மேல ஒரு ஒதை விழுந்துச்சு. எறும்பு ஒதைச்ச மாதிரிதான். ஆனா எனக்குத் தெரியும், அதே ஒதை. "மேடம், ஒதைக்கிறா!"ன்னு கத்திட்டேன். "கத்தாத! அப்பன அடையாளம் தெரிஞ்சுக்கிச்சு"ன்னாங்க. அவ மூச்ச அளக்குற மெஷினு ஒண்ணு, காலையிலேர்ந்து கூவிக் கூவிக் கெடந்தது, கொஞ்ச நேரத்துல அடங்குச்சு. என் கொரலா, ஒடம்புச் சூடா, டாக்டர் குடுத்த மருந்தா, எனக்குத் தெரியாது. மூச்சு சீராச்சுன்னாங்க, அது போதும்.

சட்டைப் பட்டன மாத்திப் போட்டுக்கிட்டு வார்டுக்கு ஓடுனேன். "ஹாஃபு ஒதைச்சுட்டாடி!" பொண்டாட்டி செவுத்துலேர்ந்து திரும்புனா. "உன்னத்தான? நல்லா வேணும்"னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா.

அன்னிக்கு சாயங்காலம் பொண்டாட்டிய சக்கர நாற்காலியில வெச்சுத் தள்ளிட்டுப் போனோம். சின்னவள நெஞ்சுல வாங்கி, காதுகிட்ட ஒரு பேரு சொன்னா. நான் கேள்விப்படாத பேரு. "இது எப்போ யோசிச்ச?"ன்னேன். "ஸ்கேன் எடுத்த அன்னிக்கே. உன் வாயில போட்டா பெங்களூர் பூரா சவாரி போயிடும்னுதான் சொல்லல"ன்னா.

மழைக்காலம் முடியறதுக்குள்ள சின்னவளும் என் ஆட்டோலயே வீட்டுக்கு வந்துட்டா. கண்ணாடியில இருந்த காலி எடமும் அக்கா, தங்கச்சி ரெண்டு பேரோட பேரால நெறைஞ்சுது. பேரு என்னன்னு கேக்காதீங்க, வீட்டுல உத்தரவு இல்ல. தெரியணும்னா ட்ராஃபிக்ல என் வண்டிக்குப் பின்னாடி வந்து நில்லுங்க. இப்போ அக்கா தட்டுல இருக்கற தோசையப் புடுங்கித் தின்னுறதே இந்த ஹாஃபுதான்.

மழை நாள்ல ஒன் அண்ட் ஹாஃப் கேக்கறத விட்டுட்டேன்னு சொன்னா என் பொண்டாட்டியே நம்ப மாட்டா. கேக்கத்தான் செய்யறேன். ஆனா அந்த வார்த்தை வாயில வரும்போதெல்லாம் நெஞ்செலும்புல அந்தச் சின்ன ஒதை விழும், நான் அந்த எடத்த ஒருதரம் தடவிட்டுத்தான் வண்டியவே ஸ்டார்ட் பண்ணுவேன்.